பலகையில் அமரக் கற்றவர்கள்

பிள்ளை பெற்றவர்கள் கற்க வேண்டிய கலைகளில் கடினமானது ஓரமாக உட்கார்ந்திருப்பது. சோறூட்டுவதும் பாடம் சொல்லித் தருவதும் கைக்கு வேலை கொடுக்கும் காரியங்கள். பிள்ளை தன் வேலையைத் தானே செய்யும்போது, அவன் தடுமாறுவதையும் தேறுவதையும் பார்த்துக்கொண்டு, எழுந்து ஓடாமல் இருப்பது வேறு வகைப் பயிற்சி. எனக்கு அது வாய்த்தது டெக்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் மைதானங்களில். அங்கே பார்த்ததில் சிலவற்றை, என் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முற்பகுதி வரை, வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊரில் பாதி மைதானத்தில்தான் இருக்கும். 1961ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றி, 1966ல் திருத்திய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்திலேயே இந்த இரவுக்குப் பாதுகாப்பு உண்டு. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர் இரண்டாம் வாரம் வரை, பள்ளி ஆட்டங்களின் கூட்டத்தைக் கலைக்கும்படி தொழில்முறை அணிகளின் ஆட்டத்தை வெள்ளி இரவில் ஒளிபரப்பினால், அதற்குச் சட்டத்தின் சலுகை கிடையாது. கோடிகள் புரளும் ஆட்டம் பதினாறு வயதுப் பையன்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எனக்கு இந்த நாட்டில் பிடித்த சட்டங்களில் இதுவும் ஒன்று.

எண்பதுகளில் ஹூஸ்டன் பக்கம் வந்து இறங்கிய எங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றால் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, பியர்லேண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போவது. மகன் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் டிராம்போன் வாசிக்கச் சேர்ந்த ஆண்டு, என் மனைவி அம்மனிடம் பேசிச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். அம்மன் மறுப்பு ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில் அன்று பந்தைத் தொட்ட பிள்ளைகள் குறைவு, வாத்தியத்தைத் தொட்டவர்கள் அதிகம். அதனால் ஆட்டம் புரியாமலே மைதானத்துக்குப் போய், போன பிறகு ஆட்டத்தைப் புரிந்துகொண்டவர்கள் நாங்கள்.

ஆட்டத்தின் அடிப்படை எளியது. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. பத்து கெஜம் கடந்ததா என்பதில் சந்தேகம் வந்தால், இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய சங்கிலியை எடுத்துவந்து மைதானத்தில் நீட்டி அளப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சங்கிலியைப் பார்ப்பார்கள். சில நேரம் இரண்டு விரற்கடை குறையும். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அம்மி எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பார்க்கும் ஏற்பாட்டை நான் இங்கேதான் கண்டேன்.

கடிகாரக் கணக்கில் ஆட்டம் பன்னிரண்டு நிமிடப் பகுதிகள் நான்கு, மொத்தம் 48 நிமிடம். நடந்து முடிய ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மீதி நேரமெல்லாம் காத்திருப்புதான். வாழ்க்கையில் நடப்பதற்கும் காத்திருப்பதற்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய இதுதான் என்பதை வயதானவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆகவே, காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பார்க்கத் தொடங்கினேன். ஆடுகிறவர்களைப் பார்ப்பதைவிட அதில் எனக்கு லாபம் அதிகம்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். பருத்த உடம்பு, சாதுவான முகம், மெதுவான கால். அணியில் சேர்ந்துவிட்டான், ஆட்டத்தில் இறங்கவில்லை. வாரா வாரம் சீருடை மாட்டி, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஓரத்துப் பலகையருகே நின்றான். எதிரே பார்வையாளர் பலகையில் அவன் தகப்பனாரும் தாயாரும் வாரா வாரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் தகப்பனாரிடம், பையனுக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டேன். அவர் ஸ்கவுட் டீம் என்று ஒன்று இருப்பதை எனக்கு விளக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை மோதப்போகும் எதிரணி எப்படி ஆடும் என்பதை வாரம் முழுவதும் கற்று, பயிற்சியில் அந்த எதிரணியாக நின்று, தன் அணியின் முதல்தரப் பையன்களிடம் மோதி விழுவதுதான் இவனுடைய வேலை. ஒரு வாரம் ஓர் ஊரின் அணியாக இருப்பான், மறு வாரம் வேறோர் ஊர். தன் அணிக்காக மட்டும் அதுவரை ஒருநாளும் ஆடியதில்லை.

கடைசி ஆண்டின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், வெற்றி உறுதியான பிறகு, கோச் அவனை உள்ளே அனுப்பினார். கதையென்றால் அவன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியிருப்பான். நடந்தது அப்படி இல்லை. எதிரே வந்த பையனை இரண்டு மூன்று முறை தடுத்தான், ஒரு முறை விழுந்தான், நேரம் முடிந்தது. வெளியே வந்தபோது முதல்தர ஆட்டக்காரர்கள் முழு அணியாக எழுந்து நின்று அவன் தோளைத் தட்டினார்கள். வாரம் முழுவதும் அவன் மேல் மோதியவர்கள் அவர்கள்தான். அவன் எடை என்ன என்பது பார்வையாளர்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். நீங்கள் செய்யும் வேலைக்கு யாருடைய மதிப்பு உங்களுக்கு வேண்டும் என்ற கேள்வியைச் சிறு வயதிலேயே தீர்த்துக்கொண்டால், பிற்காலத்தில் அலுவலகங்களில் பல இரவுகள் நிம்மதியாகத் தூங்கலாம். கூட்டத்தின் கைதட்டலைத் தேடுகிறவனுக்கு அது கிடைத்தாலும் மறுநாள் பசிக்கும்.

பேண்டுக்கு வருகிறேன், அதுதான் எனக்கு நெருக்கமான விஷயம்.

ஜூலைக் கடைசியில், ஹூஸ்டனின் புழுக்கத்தில், பள்ளியின் வாகன நிறுத்தத் தார்த்தளத்தில் பயிற்சி தொடங்கும். ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி என்பது நடையின் கணக்கு. எல்லோருக்கும் ஒரே அடி. உயரமானவனும் குட்டையானவளும் அதே அளவில்தான் கால் வைக்க வேண்டும். வாத்தியத்தை மார்பு உயரத்தில் ஏந்தி, முன்னால் நடந்து, பின்னால் நடந்து, யாருடைய தோளையும் இடிக்காமல் ஒரு வளைவை உருவாக்கி, அதைக் கலைத்து, மறுபடி உருவாக்குவார்கள். பள்ளி திறந்த பிறகு இந்தப் பயிற்சிக்கு வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் என்று டெக்சாஸ் விதி வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பு கட்ட வேண்டிய அளவுக்குப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உழைக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். இவ்வளவும் ஆட்டத்தின் இடைவேளையில் ஏழெட்டு நிமிட நிகழ்ச்சிக்காக. அந்த நேரத்தில் கூட்டத்தில் பாதிப்பேர் நாச்சோஸ் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒருமுறை மகன் கேட்டான்: "அப்பா, நாங்க வாசிக்கறப்போ எல்லாரும் எழுந்து போயிடறாங்களே?" நான் சொன்னேன்: "கச்சேரியில தனி ஆவர்த்தனம் வந்தா நம்ம ஊர்லயும் அப்படித்தான். மிருதங்கக்காரர் அதுக்காக ஒரு அடி குறைச்சு வாசிக்கறதில்லே." அவன் சிரித்தான். சமாதானம் ஆனானா என்பது வேறு. ஆனால் அடுத்த வாரமும் அடி தவறாமல் நடந்தான்.

பெற்றோருக்கும் அங்கே வேலை உண்டு. மரிம்பா, சைலஃபோன், பெரிய ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சக்கரம் வைத்த சட்டங்களில் மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு போவதற்குத் தந்தையரும் தாய்மாரும் கொண்ட ஒரு குழு இருக்கும். பிட் க்ரூ என்று அதற்குப் பெயர். ஒரே நிற டீ-சட்டை. என்னோடு தள்ளியவர்களில் எண்ணெய்க் கம்பெனியின் நிலவியல் நிபுணர் ஒருவர், மருத்துவமனையில் இரவு முறை பார்க்கும் செவிலியர் ஒருவர், தரைவிரிப்புக் கடை வைத்திருந்த ஒருவர். இடைவேளை தொடங்கியதும் ஓட்டமும் நடையுமாகத் தள்ளி, குறித்த இடத்தில் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டிவிட்டு, கோட்டோரம் போய் ஒற்றை முழங்காலில் குனிந்து உட்கார வேண்டும். நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். தாமதமானால் ஆட்டம் நிற்கும்.

எத்தனையோ கூட்டங்களில் மேடையேறியிருக்கிறேன். அந்தக் கோட்டோரத்தில் முழங்கால் வலிக்கக் குனிந்திருந்த நிமிடங்களில் கற்றதை எந்த மேடையும் எனக்குத் தரவில்லை. பிள்ளையின் வாத்தியத்தைப் பெற்றவர் தள்ளிக் கொடுக்கலாம், வாசிக்க முடியாது. அது நன்றாக ஒலிக்கும் இடத்தில் வைத்துவிட்டு, மறைக்காமல் ஒதுங்கிக் குனிய வேண்டும். இன்று பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையைத் தாங்களே எழுதித் தரும் பெற்றோரைப் பார்க்கிறேன். வாத்தியத்தையும் வாங்கி, ஊதவும் ஊதிவிட்டால், பிள்ளை எதற்கு மைதானத்தில் நிற்கிறான்?

காயம் பற்றியும் சொல்ல வேண்டும். இது மோதும் ஆட்டம். ஒரு வெள்ளி இரவு, எதிரணிப் பையன் ஒருவன் விழுந்தான், எழவில்லை. பேண்ட் நின்றது. இரு அணிப் பையன்களும் அங்கங்கே ஒற்றை முழங்காலில் அமர்ந்தார்கள். அது அங்கே மரபு. அந்தப் பையனின் தாய் பலகைகளின் வழியே இறங்கி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே ஓடவில்லை. சில நிமிடங்களில் அவன் இருவரின் தோளைப் பிடித்தபடி எழுந்து நடந்தான். எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் சேர்ந்து கைதட்டின. அன்று இரவு அவனை மறுபடி ஆட்டத்தில் இறக்கவில்லை.

முன்பென்றால் இறக்கியிருப்பார்கள். தலையில் அடிபட்டவனைக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கவைத்து உள்ளே அனுப்புவது வீரம் என்று எண்ணிய காலம் இருந்தது. 2006ல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது ஜாக்கரி லிஸ்டெட் அப்படி மறுபடி ஆட்டத்தில் இறங்கி, மூளையில் கடும் காயம் பட்டான். 2009ல் அந்த மாநிலம் அவன் பெயரில் ஒரு சட்டம் செய்தது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும். மருத்துவ அனுமதி எழுத்தில் இல்லாமல் திரும்பக் கூடாது. டெக்சாஸ் 2011ல் தனக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைச் செய்துவிட்டன. பொறுமையை உயர்வாகச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்கள் நீங்கள். நானும் அதையே சொல்லி வளர்த்தவன். ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, மறைத்துக்கொள்வது வேறு. வலியைச் சொல்லிவிட்டுத் தாங்குகிறவன் நீண்ட காலம் தாங்குவான். சொல்லாமல் தாங்குகிறவன் ஒருநாள் திடீரென்று முறிவான், பக்கத்தில் இருப்பவனுக்கும் காரணம் தெரியாது.

மேற்கு டெக்சாஸில் ஒடெஸ்ஸா என்று எண்ணெய் வயல் நகரம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் 1988ஆம் ஆண்டு அணியைப் பற்றி பஸ் பிஸிங்கர் என்ற பத்திரிகையாளர் எழுதிய 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' 1990ல் வந்தது. பிறகு படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும் பெற்றோர் எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம். அந்த அணியின் நட்சத்திரம் பூபி மைல்ஸ். பெரிய பல்கலைக்கழகங்கள் அவனைத் தேடிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. பருவம் தொடங்குமுன்னரே ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. அவன் இடத்தில் வேறொரு மாணவன் நன்றாக ஓடத் தொடங்கியதும் ஊரின் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் எப்போதும் ஓடுகிறவனைத்தான் பார்க்கும். விழுந்தவனைப் பார்க்க வேண்டியது வீடு.

அதே ஆண்டு அந்த மாவட்டத்தில் மூன்று பள்ளிகள் சமநிலையில் முடிந்தன. அடுத்த சுற்றுக்கு இரண்டுக்குத்தான் இடம். நள்ளிரவு தாண்டி, லாரிகள் நிற்கும் ஒரு சாலையோர நிறுத்தத்தில், மூன்று பயிற்சியாளர்கள் காசைச் சுண்டித் தீர்மானித்தார்கள். பெர்மியன் பிழைத்தது. மாதக்கணக்கான உழைப்பின் முடிவு ஒரு காசின் முகத்தில் இருந்தது என்றால் உங்களுக்கு அநியாயமாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், காசு சுண்டப்படும் இடம் வரை வந்து சேர்ந்தவர்கள் மூன்றே பள்ளிகள் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். அதிர்ஷ்டத்தின் முன்னால் நிற்கும் தகுதியையும் உழைத்துத்தான் வாங்க வேண்டும்.

பெர்மியன் அரையிறுதியில் டல்லாஸ் கார்ட்டர் பள்ளியிடம் 14-9 என்று தோற்றது. கார்ட்டர் மாநிலப் பட்டத்தையும் வென்றது. பிறகு அந்தப் பட்டம் பறிபோனது எதனால் தெரியுமா? அணியில் இருந்த ஒரு மாணவனின் அல்ஜீப்ரா மதிப்பெண் பற்றிய வழக்கால். டெக்சாஸில் 1984ல் வந்த கல்விச் சட்டப்படி, ஏதேனும் ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனவன் ஆட்டத்திலும் பேண்டிலும் பங்கெடுக்க முடியாது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழு பரிந்துரைத்தது. ஆளுநர் மார்க் வைட் நிறைவேற்றினார். அன்று மாநிலமெங்கும் பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். ஆறு வாரமாக இருந்த தடைக்காலம் 1995ல் மூன்று வாரமாகக் குறைந்தது, ஆனால் சட்டம் இன்றும் நிற்கிறது. நம் வீடுகளில் இந்தச் சட்டத்தைக் கேட்டதும் முகம் மலராத பெற்றோரை நான் பார்த்ததில்லை. மலர்ச்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அல்ஜீப்ராவுக்காக டிராம்போனை நிறுத்திவிடலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இரண்டையும் சுமக்கிற தோள் வேண்டும் என்கிறது.

நடுவரைத் திட்டும் தகப்பன்மார்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வரிச்சட்டை போட்ட அந்த மனிதர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். சிறு தொகைக்கு வெள்ளி இரவைத் தருகிறவர்கள். ஓயாமல் கத்திய ஒரு தகப்பனாரின் மகனை எனக்குத் தெரியும். அவன் ஒவ்வொரு தடவையும் கூட்டத்தைப் பார்ப்பான், நடுவரைப் பார்க்க மாட்டான்.

மைதானங்களுக்குச் செலவழிப்பது பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. டல்லாஸ் பக்கம் ஆலன் நகரில் 2012ல் 6 கோடி டாலரில் 18,000 பேர் அமரும் பள்ளி மைதானம் திறந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் காங்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, பழுது பார்த்து 2015ல் மறுபடி திறந்தார்கள். வரி கட்டும் ஊர்க்காரர்கள் வாக்களித்துக் கொடுத்த பணம் அது, நான் வெளியாள். ஆனாலும் அதில் ஒரு பங்கு நூலகத்துக்குப் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு சீனியர் நைட் என்று பெயர். படிப்பு முடிக்கும் ஆண்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பனோடு மைதானத்துக்குள் நடந்து வருவான். பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஆட்டக்காரர், ஊக்கக்குரல் கொடுக்கும் பெண்கள், பேண்டுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. என் மனைவி மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் வந்தாள். எங்கள் பெயரை வாசித்தவர் அதை உடைத்துத்தான் வாசித்தார். அதனால் என்ன, மகன் எங்கள் நடுவே தலை நிமிர்ந்து நடந்தான். எங்களுக்கு முன்னால் போனவர்கள் அந்த ஸ்கவுட் டீம் பையனின் பெற்றோர். அத்தனை வெள்ளிக்கிழமைகள் அவர்கள் பலகையில் உட்கார்ந்ததைப் பார்த்திருந்த எங்கள் பக்கத்துப் பலகைக்காரர்கள் அவர்களுக்காக எழுந்து நின்றார்கள்.

இனி உங்களுக்கு, அதாவது இன்று வாத்தியமோ பந்தோ கையில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவும் அம்மாவும் மைதானத்துக்கு வந்தால், வேறு பள்ளியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போடும்போது நல்ல ஓட்டம் என்று கைதட்டிவிடுவார்கள். எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து, பேண்டுக்கு ஓய்வு கிடைக்கும் மூன்றாவது பகுதியில் உங்கள் நண்பர்கள் எல்லோர் முன்னிலையிலும் டப்பாவை நீட்டுவார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். நவம்பரில் அலுமினியப் பலகை சில்லிடும். அவர்களுக்கு ஒரு மெத்தை எடுத்து வைத்துக்கொடுங்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே, சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் வைத்து, நான்கு வாய்ப்பு பத்து கெஜம் என்ற கணக்கைச் சொல்லித் தந்துவிடுங்கள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவுக்கு மூன்று முறை.